செயற்கைக்கோளுக்குக் கொட்டும் பணம் ஏழை நாடுகளுக்கு வீண்தானே? ரங்கூனிலிருந்து ஒரு பதில்

'அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமே' என்று கேட்டிருக்கிறீர்கள். புயல் வந்தால் ஃபோனிலேயே செய்தி வந்துவிடுகிற ஊரில் இருப்பவர் நீங்கள் என்று நினைக்கிறேன். நான் ரங்கூன்காரன். இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

2008 மே 2ஆம் தேதி நர்கீஸ் புயல் ஐராவதி டெல்டாவில் கரையேறி, மறுநாள் அதிகாலை ரங்கூனுக்கு வந்தது. இங்கே காற்றுதான். பெரிய பெரிய மரங்கள் தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தன. டெல்டாவில் கடலே ஊருக்குள் வந்துவிட்டது. பியாப்போன் பக்கம் நெல் மில்லில் வேலை பார்த்த என் சித்தப்பா ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துப் பிழைத்தார். சித்தியும் தங்கச்சியும் கிடைக்கவேயில்லை. இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து 1,38,000 பேருக்கு மேல் என்றது அரசுக் கணக்கு.

அந்தப் புயல் ஒளிந்து வரவில்லை. 2002இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன கல்பனா-1 மாதிரி வானிலைச் செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வங்காள விரிகுடாவைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தன. எங்கே, எவ்வளவு வேகத்தில் கரையேறும் என்று 48 மணி நேரம் முன்பே பர்மாவுக்குச் சொல்லிவிட்டோம் என்றது டெல்லி வானிலைத் துறை. சித்தப்பா காதுக்கு வந்ததோ 'காத்தும் மழையும் இருக்கும்' என்ற அளவில்தான். கடல் பொங்கும், மேட்டுக்குப் போங்கள் என்று அந்த ஊரில் யாரும் சொல்லவில்லை.

'அப்போ செயற்கைக்கோளால் என்ன பிரயோஜனம்' என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: மேலிருந்து பார்த்தது சரியாகத்தான் பார்த்தது. தரைக்கு வந்தபிறகுதான் அறுந்துபோனது. நான் அரசியல் பேசவும் வரவில்லை, நாங்கள் இங்கேயே வாழ வேண்டியவர்கள்.

புயல் எங்கள் பக்கம் திரும்பியது எங்களுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? பக்கத்து வீட்டு டிஷ்ஷில் வந்த தமிழ்ச் செய்தியில். அதுவும் செயற்கைக்கோள்தானே. அந்த வருஷம் ஜனவரியில்தான் டிஷ் லைசென்ஸ் கட்டணத்தை 6,000 கியாட்டிலிருந்து (கியாட் எங்கள் ஊர்ப் பணம்) ஒரேயடியாக 10 லட்சம் ஆக்கியிருந்தார்கள். சரி, செய்தி தெரிந்தது, சித்தப்பாவுக்கு எப்படிச் சொல்வது? ஒரு சிம் கார்டு ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற காலம். மில் கூலிக்காரருக்கு அது எந்த ஜென்மத்தில் கிடைக்கும்? 2014இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்ததும் அதே சிம்மை 1,500 கியாட்டுக்குக் கொடுத்தார்கள். முன்பே ஏன் கொடுக்கவில்லை என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

2023 மே மாதம் மோக்கா புயல் எங்கள் மேற்குக் கரையில் சிட்வே பக்கம் வந்தபோது, எச்சரிக்கை கிடைத்து நாள்கணக்கில் முன்னதாகவே ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். அப்போதும் முன்பே வீடிழந்து முகாம்களில் இருந்த பாவப்பட்டவர்கள் செத்தார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் இன்னொரு நர்கீஸ் ஆகவில்லை.

பள்ளிக்கூடம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? தாராளமாகக் கட்டட்டும். டெல்டாவில் கட்டினால் காங்கிரீட்டில், மாடி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். தண்ணீர் வரும்போது ஊரே ஏறி நிற்க வேண்டியிருக்கும்.