புரோமோ மணல்கடலை நடந்தே கடக்கலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், வயது 46. வாரம் ஒருமுறை பினாங்குக் கொடிமலை ஏறுவேன். இலேசான ஆஸ்துமா உண்டு. ஆகஸ்டில் கிழக்கு ஜாவா போய், புரோமோ எரிமலையைச் சுற்றியுள்ள மணல்கடலை ஒரு நாள் முழுக்க நடந்து பார்க்க ஆசை. நடக்க அனுமதி கிடையாது, ஜீப் கட்டாயம் என்று ஏஜென்ட் ஒருவர் 1,600 வெள்ளி கேட்கிறார். உண்மையா?

பதில்: பொய், சகோதரி. செமோரோ லாவாங் கிராமத்தில் தங்கினால் வாசலிலிருந்தே இறங்கி நடக்கலாம். புரோமோ அடிவாரம் சுமார் 3 கிலோமீட்டர். தேசியப் பூங்கா நுழைவுச்சீட்டு போதும், அதை இணையத்தில் நீங்களே எடுக்கலாம். 833 மீட்டர் கொடிமலை ஏறுகிற கால்களுக்கு அந்த மணல் பெரிதில்லை. கிராமமே 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்தான் வாட்டும். ஆகஸ்ட் விடியலில் புல்லில் உறைபனி படிவதுண்டு.

அந்த ஏஜென்டிடம் முதலில் சுற்றுலா அமைச்சின் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் எரிமலைப் படம் போட்டு, சொந்த வங்கிக் கணக்கில் முன்பணம் வாங்கும் ஆட்கள் நம்மவர்களிலேயே பெருகிவிட்டார்கள். பணம் போனபின் புகார் கொடுக்கப் போனால் இந்தக் கவுண்டர், அந்தக் கவுண்டர் என்று அலையவிடுகிறார்கள். லைசென்ஸ் இல்லாதவன் மட்டும் அடுத்த வாரமே புதுப் பெயரில் விளம்பரம் போடுகிறான். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. அங்கேயும் கவனம் வேண்டும். புரோமோவுக்குப் போகும் வழியில் பஸ் மாறும் ஊரான புரோபோலிங்கோவில் "இதுதான் டெர்மினல்" என்று ஏதோ ஒரு டூர் கடை வாசலில் இறக்கிவிடுவார்கள். பஸ் நிலையத்தின் பெயர் பாயுவாங்கா. அந்தப் பலகையைக் கண்ணால் பார்க்காமல் இறங்காதீர்கள்.

இனி உங்கள் ஆஸ்துமா. மணலில் நடப்பது வேறு, எரிமலை வாய்க்கு ஏறுவது வேறு. வாயிலிருந்து வரும் கந்தக டை ஆக்ஸைடு, மற்றவர்கள் மூக்கில் உறைக்காத அளவிலேயே ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் இறுக்கிவிடும். அங்கே விற்கும் துணி மாஸ்க்கும் சரி, நீங்கள் கொண்டுபோகும் என்95-உம் சரி, தூசியைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. இதை எத்தனை முறை சொன்னாலும் மாஸ்க்கைக் காட்டி "என்னிடம் இருக்கிறதே" என்கிறார்கள். எரிமலை வாய்வரை போகும் சுமார் 250 படிகளில் மூச்சு வாங்க ஏறும்போதுதான் வாயுவையும் அதிகமாக இழுப்பீர்கள். மருந்து எடுத்தால் ஏறலாமா, காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் ஏறலாமா என்று கேட்காதீர்கள். காற்று நொடியில் திரும்பும். நீங்கள் படிப்பக்கமே போகாமல் மணலோடு நில்லுங்கள்.

எரிமலைக் கண்காணிப்பு நிலையும் இதையே சொல்கிறது. நான்கு நிலைகளில் இரண்டாவதான 'வஸ்பாடா' அறிவிக்கப்பட்டிருந்தால், வாயைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் போகவேண்டாம் என்பதே பரிந்துரை. அதே நாளில் அங்கே கூட்டங்கூட்டமாகப் படியேறுகிறார்கள், தடுக்க ஆளில்லை. எந்தப் பேக்கேஜ் தாளிலும் இது அச்சாகாது. பயண இன்சூரன்ஸ் எடுக்கும்போது எரிமலைப் பகுதி விதிவிலக்கை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

உங்கள் நாளை இப்படி வையுங்கள்: விடிந்ததும் இறங்கி, டெங்கர் இந்துக்களின் பூரா லுஹூர் போத்தென் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, புரோமோவைச் சுற்றிக்கொண்டு தெற்கே புல்வெளிப் பக்கம் நடங்கள். தண்ணீர் 3 லிட்டர். மூச்சு முட்டினால் உடனே இழுக்கும் நீல இன்ஹேலர் பையில் அல்ல, சட்டைப்பையில். மதியத்துக்குமேல் மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி இருப்பது தெரியாது, திசையே குழம்பிவிடும். அதனால் 11 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.