சுவரில் தட்டிய கை

அன்புள்ள ஐயா,

சென்ற சனிக்கிழமை இரவு நண்பர்களோடு வீட்டில் ‘தி ஹான்டிங்’ (1999) பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது. அந்த வீடு, அதன் சத்தங்கள், லிலி டெய்லரின் முகம் எல்லாம் இரண்டு நாட்களாக மனதை விட்டுப் போகவில்லை. பிறகு இணையத்தில் தேடினால் விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு இருபதுகூடத் தேறவில்லை. 1963-இல் ராபர்ட் வைஸ் எடுத்த பழைய படத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். ஆனால் நல்ல வசூல். என் ரசனை மட்டமா? விமர்சகர்களை நம்புவதா, மக்களை நம்புவதா? நல்ல படத்தை மறுபடி எடுக்கத்தான் வேண்டுமா?

(பாதியில் அம்மாவும் வந்து உட்கார்ந்தார். பேய் வந்தபோதெல்லாம் அசையவே இல்லை. “இந்தப் பொண்ணு நிம்மதியாத் தூங்கி எத்தனை வருசமாச்சோ” என்று மட்டும் சொன்னார். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.)

க.

அன்புள்ள க.,

அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டுவிட்ட அந்த நான்கு வரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றதை முதலில் முடித்துவிடலாம்.

ஒரு முகம் இரண்டு நாள் உங்களோடு இருந்திருக்கிறது. ஓர் எண்ணைப் பார்த்ததும் அதைச் சந்தேகப்பட்டுவிட்டீர்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பயந்தோமா, அழுதோமா என்பதைக்கூட இன்னொருவரிடம் போய்ச் சரிபார்த்துக்கொள்ள வேண்டுமா? விமர்சகரா மக்களா என்று கேட்கிறீர்கள். இந்தப் படத்தை விமர்சகர்களில் மிகப் பிரபலமான ரோஜர் ஈபர்ட் பாராட்டினார். அந்த வீட்டின் அரங்க அமைப்பில் சொக்கிப்போய் நான்கில் மூன்று நட்சத்திரம் கொடுத்தார். மக்களோ முதல் வார இறுதியில் 3 கோடி டாலருக்கு மேல் கொட்டிக்கொடுத்துவிட்டு, அரங்கை விட்டு வெளியே வந்ததும் கருத்துக் கணிப்புக்காரர்களிடம் ‘சி பிளஸ்’ என்று சுமாரான மதிப்பெண்தான் போட்டார்கள். இதில் எந்த விமர்சகரை, எந்த மக்களை நம்பப்போகிறீர்கள்?

பழைய படத்துக்கும் இதே கதைதான். அது வந்தபோது அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் அதைத் திரையரங்கில் பார்த்துவிட்டு, 1964-இல் ஒரு கட்டுரையில் அந்த அனுபவத்தை எழுதினார். அவருக்கே அது பெரிய படமாகத் தோன்றவில்லை. ஆனால் உடன் பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் சலிப்பைத் தாண்டி, படத்தின் மீது பகையோடு இருந்ததைக் கண்டு அவர் திகைத்துப்போனார். அந்தப் படத்தைத்தான் பிற்காலத்தில் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி தன்னை மிகவும் அச்சுறுத்திய படங்களின் பட்டியலில் முதலில் வைத்தார். இன்று புதிய படத்தை அடிக்க எல்லோரும் கையில் எடுப்பதும் அதையேதான்.

மறுபடி எடுக்கலாமா என்பதை விட்டுவிடுங்கள். வைஸின் படமும் ஷெர்லி ஜாக்சனின் 1959 நாவலிலிருந்து வந்ததுதான். எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கட்டும்.

இயக்குநர் யான் டி பான்ட் மீது வைத்த பெரிய குற்றச்சாட்டு, எல்லாவற்றையும் காட்டிவிட்டார் என்பது. உண்மைதான். வைஸ் ஒரு பேயைக்கூடக் காட்டவில்லை. அடுக்கடுக்காக மரத்தை ஒட்டி ஒரு கதவு செய்தார், பின்னாலிருந்து அதைத் தள்ளவைத்தார். அந்தக் கதவு மூச்சு விடுவதுபோல் உள்ளே புடைத்து வரும். டி பான்ட் கையில் 8 கோடி டாலர் இருந்தது. ஹோவர்ட் ஹியூஸின் மாபெரும் மர விமானத்தை நிறுத்தியிருந்த லாங் பீச் கூடாரத்துக்குள் மாளிகையின் உட்புறத்தைக் கட்டினார். சிலைகள் அசைந்தன, கட்டில் உயிர்பெற்றது, கணினி வரைந்த பேய் நேரிலேயே வந்தது. படம் வெளியாகி ஒரு வாரம் கழித்து ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ அமெரிக்கா முழுக்கத் திரைக்கு வந்தது. அதில் சூனியக்காரி ஒரு கணம்கூடத் தெரிய மாட்டாள். உடனே ‘காட்டாமல் விடுவதே கலை’ என்று ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தார்கள். அந்த வாதம் எனக்கு அலுத்துவிட்டது. காட்டியதால் அந்தப் படம் கெட்டுப்போகவில்லை. லிலி டெய்லர் நடித்த நாயகி எலினாரை, சுருக்கமாக ‘நெல்’ என்று கூப்பிடப்படுகிறவளை, மன்னித்துவிட்டார்கள், அதனால்தான் கெட்டது.

நாவலில் எலினாருக்கு 32 வயது. 11 வருடம் படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்துக்கொண்டவள். ஒருநாள் இரவு தாய் சுவரில் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்கிறாள், மருந்துக்காக. எலினார் போகவில்லை. தாய் இறந்துவிட்டாள். ‘நான் எழுந்திருக்கவில்லை’ என்று முதலில் சொல்கிறாள். பிறகு, ஒருவேளை விழித்துக்கொண்டு, காதில் விழுந்தும், திரும்பிப் படுத்துவிட்டேனோ என்று தனக்கே தெரியவில்லை என்கிறாள். இந்த ஒரு சந்தேகத்தின் மேல்தான், அவள் சிலரோடு போய்த் தங்கும் அந்தப் பேய் மாளிகையே நிற்கிறது. அங்கே நள்ளிரவில் தடதடவென்று தட்டும் ஓசை எழும்போது அவள் அரைத்தூக்கத்தில் ‘வரேம்மா, வரேன்’ என்று விளக்கைத் தேடுகிறாள். மற்றவர்களுக்கு அது பேய், அவளுக்கு அம்மா. இதில் பேயை ஏன் காட்ட வேண்டும்? காட்டினாலும்தான் என்ன?

இதை நான் எப்போது புரிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

என் அப்பத்தா இடுப்பெலும்பு முறிந்து கடைசி ஏழு மாதம் உள்ளறையில் இரும்புக் கட்டிலில் கிடந்தார். நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். பகலில் அம்மாவும் அத்தையும் பார்த்துக்கொள்வார்கள். ராத்திரி என் முறை. வெளியே பட்டாசாலையில் பாய் விரித்துப் படுத்திருப்பேன். அப்பத்தாவுக்குக் குரல் எடுக்காது. தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். தண்ணீர் வேண்டுமென்றாலும் திரும்பிப் படுக்க வேண்டுமென்றாலும் அதைக் கட்டில் கம்பியில் தட்டுவார். டங், டங். இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு. ஒரு ராத்திரிக்கு ஐந்தாறு முறை எழுந்திருப்பேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம், நல்ல புழுக்கம். தட்டும் சத்தம் கேட்டது. தூக்கத்தில் இருந்தேன் என்று எலினாரைப் போலச் சொல்ல எனக்கு வழியில்லை. முழுதாக விழித்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். இரண்டு தட்டு. மறுபடி இரண்டு. அப்புறம் ஒன்று. பிறகு நின்றுவிட்டது.

காலையில் போய்ப் பார்த்தால் சேலையும் விரிப்பும் நனைந்து கிடந்தன. டம்ளரைக் கையிலேயே பிடித்திருந்தார். என்னைப் பார்த்து, “ராத்திரி நல்லாத் தூங்குனியாப்பா?” என்று கேட்டார்.

தூங்கினேன் என்றேன்.

நான்கு மாதம் கழித்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, பகலில்தான் இறந்தார். என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது. பல வருடம் கழித்து ஒரு ஃபிலிம் சொசைட்டி திரையிடலில் வைஸின் படத்தைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில், எலினாராக நடித்த ஜூலி ஹாரிஸ் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து அம்மாவுக்குப் பதில் சொன்னபோது எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் பேய்க்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

புதிய படத்தை விசிடியில் பார்த்தேன். அதிலும் நெல் தாயைப் பார்த்துக்கொண்டு 11 வருடத்தைக் கழித்தவள்தான். லிலி டெய்லர் அதை முகத்தில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். சோர்வு, ஏக்கம், யாராவது என்னைக் கூப்பிட மாட்டார்களா என்ற பசி எல்லாம் அந்தக் கண்களில் இருக்கின்றன. உங்களை இரண்டு நாள் விடாமல் பிடித்துக்கொண்டது அதுதான். அதற்காக நீங்கள் வெட்கப்பட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆனால் படம் அவளை என்ன செய்கிறது? அவளை, மாளிகையைக் கட்டிய ஹ்யூ க்ரெய்னின் இரண்டாம் மனைவியின் வாரிசாக்குகிறது. க்ரெய்ன் தன் ஆலையில் குழந்தைகளை வேலைவாங்கிச் சாகடித்த கொடியவன். அவர்களுடைய ஆவிகளை மீட்பது நெல்லின் கடமையாகிறது. அவளும் மீட்டு, உயிர்விட்டு, ஒளியில் மேலே போகிறாள். தாயின் படுக்கையறையில் அவளை உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை, யாரோ பெற்ற குழந்தைகளைக் காப்பாற்றித் தீர்த்துக்கொள்ள விடுகிறார்கள். வைஸின் எலினாரும் நாவலின் எலினாரும் காரை மரத்தில் மோதிச் சாகிறார்கள். அவர்களுக்கு ஒளியும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. ராத்திரி தட்டிய கைக்குப் பகலில் பதில் சொல்ல முடியாது, க. இதைச் சொல்ல ஒரு பேய்வீட்டுக் கதையால் முடியும். அதை 8 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்களே என்பதுதான் என் ஆதங்கம். அந்தப் படத்தை மோசமான படங்களுக்கான ராஸி விருதுக்கு ஐந்து பிரிவுகளில் பரிந்துரைத்தார்கள். கிராஃபிக்ஸைத் திட்டினார்கள், வசனத்தைத் திட்டினார்கள், பயமாகவே இல்லை என்றார்கள். இந்தத் தட்டல் எங்கே போயிற்று என்று நான் படித்த மதிப்புரைகளில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

உங்கள் அம்மா கேட்டிருக்கிறார். பாதியில் வந்து உட்கார்ந்தவர், முன்கதை தெரியாதவர், அந்த முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். நண்பர்களையும் சிரிக்க விட்டிருக்கிறீர்கள். இருபது மதிப்பெண் போட்ட ஊர் பேர் தெரியாதவர்களின் பேச்சு உங்களைத் தூங்கவிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னவரின் பேச்சு அடைப்புக்குறிக்குள் போய்விட்டது.

அம்மா எத்தனை வருடம், யாருக்காக ராத்திரி எழுந்தார்? உங்கள் தாத்தாவுக்கா, பாட்டிக்கா, காய்ச்சலில் கிடந்த உங்களுக்கா? அடுக்களை வேலை முடிந்து அவர் உட்காரும் நேரம் பார்த்து, நண்பர்கள் இல்லாதபோது கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுத வேண்டாம்.