ரோபோ செய்ய ஆசைப்படும் மகளுக்கு உயிரியல் எதற்கு?

பூச்சிபோல் நடக்கும் ரோபோ செய்ய வேண்டும் என்கிறாள் மகள்; அதனால் பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் பிரிவில் சேர்த்துவிடலாம், உயிரியல் வீண் சுமை என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் அம்மா. இந்தத் துறையின் கடினமான கணக்குகள் சிலவற்றுக்கு உயிரியல்தான் விடை தந்திருக்கிறது.

1989-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ராட்னி புரூக்ஸ் உருவாக்கிய கெங்கிஸ் என்ற ஆறுகால் ரோபோவில் காலுக்கு இரண்டாக 12 மோட்டார்கள். இன்று மாணவர்கள் செய்பவற்றில் பெரும்பாலும் காலுக்கு மூன்று, ஆக 18. ஆனால் சுமார் பத்தாண்டுகள் கழித்து வந்த ரெக்ஸ் ரோபோவில் மொத்தமே ஆறுதான். அதுவோ கல்லும் மேடும் தாண்டி ஓடியது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபுல் கரப்பான்பூச்சிகளை ஓடவிட்டு ஆராய்ந்ததன் பலன் அது. பூச்சி தடுமாறும்போது நரம்புகள் திருத்த முனைவதற்கு முன்பே, காலின் மீள்தன்மை உடலை நிலைப்படுத்திவிடுகிறது. அதைப் புரிந்துகொண்டதும் வளைந்த, நெகிழும் கால்கள் வந்தன. மோட்டாரும் மிச்சம், புரோகிராமும் எளிது.

கௌஷிக் ஜெயராம் மும்பை ஐஐடியில் மெக்கானிக்கல் படித்தவர். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தது பெர்க்லியின் உயிரியல் துறையில்! கரப்பான் இடுக்கில் நுழையும் விதத்தைப் பார்த்து, உடலைத் தட்டையாக்கிக்கொண்டு ஊர்ந்து செல்லும் ரோபோவை ஃபுல்லுடன் சேர்ந்து 2016-ல் வெளியிட்டார்.

ஆகவே கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள பிரிவையே எடுக்கட்டும். பொறியியல் கலந்தாய்வுக்கு அது தடையில்லை. புரோகிராமிங்கைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். கல்லூரியில் மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரானிக்ஸ் போதும். பட்டத்தின் பெயரில் ‘ரோபோட்டிக்ஸ்’ இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, பட்டறை மாணவர்களுக்குத் திறந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ‘பூச்சி ரோபோ வடிவமைக்க ஆள் தேவை’ என்று விளம்பரம் வராது. இது பெரும்பாலும் ஆய்வகத்து வேலை. மேற்படிப்பு இல்லாமல் நடக்காது. வழியில் மனம் மாறினாலும், மோட்டார் கட்டுப்பாடும் சென்சாரும் தெரிந்தவருக்கு வாகனத் துறையிலும் ஆலைத் தானியங்கித் துறையிலும் இடம் உண்டு.

18 மோட்டார் கிட்டை இப்போதே வாங்கித் தராதீர்கள். செல்போனின் ஸ்லோமோஷனில் எறும்பைப் படமெடுக்கச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் எந்தெந்தக் கால்கள் தரையில் இருக்கின்றன என்று அவளே நோட்டில் வரையட்டும். ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும், மறுபக்கத்து நடுக்காலும் என்ற விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அவளாகக் கண்டுபிடித்த பிறகு கிட் வாங்கலாம்.