முடித்த புத்தகத்திலிருந்தே அடுத்த புத்தகத்துக்கு

ஒரு நல்ல நாவலை முடித்த பிறகு அடுத்து எதை எடுப்பது என்று தெரியாமல் வாரக்கணக்கில் நின்றுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

'கட்டாயம் வாசிக்க வேண்டிய நூறு நூல்கள்' போன்ற பட்டியல்களை நான் பார்ப்பது குறைவு. நீங்கள் நேற்று எதை வாசித்து முடித்தீர்கள், அதில் எது உங்களைப் பிடித்து வைத்தது என்பது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. அதனால் முடித்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்ததைத் தேடுகிறேன்.

ஈழத்து எழுத்தாளர் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலை எடுத்துக்கொள்வோம். வாடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் உள்ள நெடுந்தீவுக்கு வந்து, வாடி எனும் தற்காலிகக் குடிசை போட்டுத் தொழில் செய்யும் மீனவர்களின் கதை. அதை வாசித்த ஒருவருக்குக் கடலும் வலையும் பிடித்திருக்கலாம். இன்னொருவருக்கு நெடுந்தீவே பிடித்திருக்கலாம். முதலாமவர் மீனவர் வாழ்வைச் சொல்லும் வேறு நாவல்களுக்குப் போகட்டும். இரண்டாமவருக்கு அடுத்த புத்தகம் நாவலாக இருக்க வேண்டும் என்றே இல்லை. பவளக்கல் வேலிகளும் காட்டுக் குதிரைகளும் உள்ள அந்தத் தீவின் வரலாற்றை எடுத்தால் அவர் விடிய விடிய வாசிப்பார். 'நல்ல கதை' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், எது பிடித்தது என்று ஒரே ஒரு விஷயத்தைப் பெயர் சொல்லிப் பாருங்கள். தேடல் பாதி முடிந்துவிடும்.

அப்புறம், புத்தகம் வந்த ஆண்டையும் வெளியிட்டவரையும் பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை, எனக்கோ இதுதான் அதிகம் கைகொடுத்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இலங்கையில் உள்ளவர்கள் எழுதிய நாவல்களுக்கு ஒரு பெரிய வாசல் திறந்தது. வீரகேசரிப் பத்திரிகை நிறுவனத்தின் பிரசுரமாக மலிவு விலையில் பல நாவல்கள் வந்தன. 'வாடைக்காற்று' வந்த அதே 1973இல் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யும் அங்கிருந்துதான் வந்தது. அது முல்லைத்தீவுப் பக்கம் தண்ணிமுறிப்புக் காட்டோரக் கதை. கடலிலிருந்து ஒரே எட்டில் வன்னிக் காட்டுக்குப் போய்விடலாம். வரிசையில் மற்றவை எவை என்று தேடத் தொடங்கினால் ஒரு வருடத்துக்கான வாசிப்பு கிடைக்கும்.

முன்னுரையையும் தாண்டிப் போகாதீர்கள். எழுத்தாளர் யாரை வாசித்து வளர்ந்தார், எந்தச் சஞ்சிகையில் எழுதத் தொடங்கினார் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

சரி, பெயர் கிடைத்துவிட்டது, புத்தகத்துக்கு எங்கே போவது? யாழ்ப்பாணப் பொது நூலகம்தான் முதலிடம். ஆனால் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போய்விட்டன. பழைய பதிப்புகளில் பல இன்று கடையிலும் இல்லை. அந்த வெற்றிடத்தில் எனக்குப் பெரிய ஆறுதல் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளம். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறார்கள். அங்கே 'மல்லிகை' இதழ்களைத் திறந்து பாருங்கள். டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மாசிகை. அட்டையில் ஒரு எழுத்தாளரின் படம் இருக்கும், உள்ளே அவரைப் பற்றிய கட்டுரை இருக்கும். நூல் விமர்சனங்களும் வாசகர் கடிதங்களும் இருக்கும். ஒரு புத்தகம் வெளிவந்த காலத்தில் ஆட்கள் அதைப் பற்றி எப்படிச் சண்டை பிடித்தார்கள் என்று தெரிந்துகொண்டால், அதை உடனே வாசிக்கத் தோன்றும். எந்த நட்சத்திர மதிப்பெண்ணும் அந்த ஆசையை எனக்குத் தந்ததில்லை.

ஊர் மக்கள் பத்திரிகை வாசிக்கக் கூடும் சனசமூக நிலையத்தையும் விட்டுவிடாதீர்கள். பின்னேரம் பேப்பர் பார்க்க வரும் பெரியவர்களில் ஒருவராவது நிறைய வாசித்தவராக இருப்பார். அவரிடம் "நல்ல புத்தகம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டால் பொதுவாக எதையாவது சொல்வார். "ஐயா, நெடுந்தீவைப் பற்றி வேற ஆர் எழுதியிருக்கினம்?" என்று கேட்டுப் பாருங்கள். கதிரையை இழுத்துப் போட்டுக் கதைக்கத் தொடங்குவார். வீட்டு அலுமாரியிலிருந்து இரவல்கூடத் தருவார். அதைக் குறித்த நாளில் திருப்பிக் கொடுங்கள், அடுத்ததும் வரும்.

ஒரே தடத்தில் போய் அலுத்தால் ஒரு மொழிபெயர்ப்பு நாவலை இடையில் எடுங்கள். சிங்களத்திலிருந்து தமிழுக்கு வந்தவற்றை முதலில் சொல்வேன். பக்கத்து ஊர்களின் வாழ்க்கையை நாம் அறிந்தது மிகக் குறைவு.

நீங்கள் கடைசியாக முடித்த நாவல் எது, அதில் எது பிடித்தது என்று எழுதுங்கள். அடுத்ததைச் சேர்ந்தே தேடலாம்.