வாசகர் கேள்வி – பதில்: கென்யாவுக்கு மிஷன் பயிற்சிக்குப் போகுமுன்

கேள்வி: மகன் ஆறு மாத மிஷன் பயிற்சிக்குக் கென்யாவில் கிசுமு நகருக்குப் போகிறார். "விசிட்டில் போகட்டும், அங்கே போய் மாற்றலாம்" என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு தாய், பெரியகல்லாறு

பதில்: நம்ப வேண்டாம் அம்மா. 2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்குப் பழைய விசா இல்லை; இணையத்தில் எடுக்கும் பயண அனுமதிதான். அது ஊர் பார்க்கவும் ஆட்களைச் சந்திக்கவும் தருவது, கூடினால் 90 நாள். ஓய்வுநாள் பாடசாலை நடத்துவதும் கிராம ஊழியத்துக்குப் போவதும் சம்பளமில்லாவிட்டாலும் வேலையாகவே கணக்கெடுக்கப்படலாம். பிடிபட்டால் அகப்படுவது மகன்தான், அழைத்தவர்கள் அல்ல.

மத ஊழியத்துக்குத் தனி அனுமதிப்பத்திரம் உண்டு, பயிலுநருக்கும் தனி அனுமதி உண்டு. இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டியது அங்கே பதிவுபெற்ற அமைப்பு. 90 நாளுக்கு மேல் தங்கினால் வெளிநாட்டவராகவும் பதிய வேண்டும். ஆகவே ரிக்கற் போடுமுன் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள்: அனுமதிக்கு விண்ணப்பிப்பது யார், கட்டணம் கட்டுவது யார்? கடும் வருத்தம் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, பணம் யார் பொறுப்பு? இடையில் திரும்ப நேர்ந்தால் ரிக்கற் யாருடையது? "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பது விசுவாசத்துக்குச் சரி. இந்த மூன்றுக்கும் பதிலாகாது. பாஸ்போட்டை மட்டும் "பாதுகாப்புக்காக" என்று யார் கேட்டாலும் கொடுத்து வைக்கக் கூடாது.

கேள்வி: என்னென்ன ஊசி, என்னென்ன மாத்திரை? எப்போது தொடங்க வேண்டும்?
– கல்முனை வாசகர்

பதில்: இதைத்தான் எல்லோரும் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்.

முதலில் மஞ்சள் காய்ச்சல் ஊசி. நம்மூர்ச் செங்கமாரியோடு குழப்ப வேண்டாம், இது நுளம்பால் வரும் வேறு நோய். இந்த ஊசிக்குக் கொழும்பு பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குப் போக வேண்டும். பாஸ்போட் கையில் இருக்க வேண்டும். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். இந்த மஞ்சள் அட்டை கென்யாவிலிருந்து திரும்பும்போது கட்டுநாயக்காவிலும் தேவை. சூட்கேசில் அல்ல, கைப்பையில் வையுங்கள்.

அடுத்தது மலேரியா. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்றளித்தது. இங்கு வளர்ந்த இளம்பிள்ளைகளின் உடம்பில் அதற்கு எதிர்ப்பு இல்லை என்பதே அதன் மறுபக்கம். நைரோபியில் ஆபத்துக் குறைவு. கிசுமு இருக்கும் விக்டோரியா ஏரிப் பக்கமும் மொம்பாசாக் கரையும் ஆபத்துக் கூடிய இடங்கள். தடுப்பு மாத்திரைக்கு உங்கள் பிராந்திய சுகாதாரப் பணிமனையில் மலேரியா தடை இயக்கப் பிரிவைக் கேளுங்கள். மெஃப்ளோகுயின் வாரத்துக்கு ஒன்று. இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். மனச்சோர்வு, வலிப்பு இருந்தவர்களுக்கு ஆகாது, அதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். டொக்சிசைக்கிளின் தினம் ஒன்று, ஓரிரு நாள் முன்பு தொடங்கலாம். ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள், இல்லையேல் தொண்டைக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோலும் எளிதில் எரியும். இரண்டையும் ஊர் திரும்பிய பின் நான்கு வாரம் தொடர வேண்டும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: வீட்டுச் சோறு கிடைத்ததும் மாத்திரை மறந்துபோகும்.

இன்னொன்று, வாவிக்கரைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். விக்டோரியா ஏரியைக் கண்டதும் நம் வாவி போலக் குளிக்க இறங்காதீர்கள். நத்தைகளிலிருந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத புழு சில நிமிடங்களில் தோலைத் துளைத்து உள்ளே போகும். பில்ஹார்சியா என்பார்கள். இந்த நோய் இலங்கையில் இல்லாததால் இங்குள்ள வைத்தியருக்கும் உடனே நினைவுக்கு வராது.

1814 இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட், ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்ரலில் இங்கேயே மரித்தார். அவர் காலத்தில் இந்த மாத்திரைகள் இல்லை. இன்று இருக்கின்றன.

கேள்வி: சுவாஹிலி தெரியாது. முதல் மாதம் எப்படிச் சமாளிப்பது?
– வாழைச்சேனைச் சகோதரி

பதில்: முதல் மாதம் உங்களைப் பிரசங்கிக்கச் சொல்லிக் கேட்டாலும் தள்ளிப்போடுங்கள் தங்கச்சி. கேட்பதும் கும்பிடு சொல்வதும் போதும். பெரியவர்களைக் கண்டால் "ஷிகமோ"; அவர்கள் "மரஹபா" என்பார்கள். சபையில் "ப்வானா அசிஃபிவே", நம்முடைய "தோத்திரம்" போல. யாராவது தடுக்கி விழுந்தாலும், வீட்டில் துக்கம் என்றாலும் "போலே". நாம் "ஐயோ பாவம்" என்கிற இடம் அது.

குழப்புவது நேரம்தான். சுவாஹிலியில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். "ஸா தாத்து", மூன்று மணி, என்று ஜெபக்கூட்டத்துக்கு அழைத்தால் காலை ஒன்பதுக்குப் போக வேண்டும். வேதாகமம் வாசித்தவருக்கு இது புதிதல்ல. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொல்லும் "மூன்றாம் மணி வேளை"யும் அதே ஒன்பதுதான். கைக்கடிகாரத்தில் சின்ன முள் நிற்கும் எண்ணுக்கு நேரெதிர் எண்ணைப் பாருங்கள், அதுதான் சுவாஹிலி மணி.

சாப்பாட்டில் கஷ்டம் குறைவு. உகாலி என்பது வெள்ளைச் சோளமாவைக் கட்டியாகக் கிண்டிய களி. வலக்கையால் பிய்த்து உருட்டி, பெருவிரலால் குழி போட்டுக் கறியை அள்ள வேண்டும். ஒமேனா என்ற சின்னக் காய்ந்த மீன் நம் நெத்தலிக் கருவாட்டை நினைவூட்டும். உறைப்பு மட்டும் இருக்காது.

கேள்வி: என்ன கொண்டுபோகலாம்?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: முதலில் சொப்பிங் பைகளை வீட்டிலேயே விடுங்கள். 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் பொலித்தீன் பைகளுக்குத் தடை. கறித்தூளை மூடி இறுகிய டப்பாவில் போடுங்கள், உடுப்பைத் துணிப்பையில் சுற்றுங்கள். நைரோபி கடலிலிருந்து ஏறக்குறைய 1,700 மீற்றர் உயரம். ஜூலையில் நுவரெலியா நினைவு வரும், ஒரு சுவெட்டர் கட்டாயம். சதுர முள் மூன்று உள்ள பிளக் அங்கும் அதேதான். டொலர் தாள்கள் 2006க்குப் பிந்தியவையாக, கசங்காமல் இருக்கட்டும். பழையதை வாங்க மறுப்பார்கள். போனதும் பாஸ்போட்டைக் காட்டிச் சிம் எடுத்து, எம்பெசா என்ற கைபேசிப் பணக் கணக்கைத் திறந்தால், சந்தைக் கீரைக்காரி வரை அதிலேயே பணம் கொடுக்கலாம்.

கேள்வி: மகள் போனதிலிருந்து தினமும் அழுகிறாள். கூப்பிடவா?
– ஒரு தகப்பன், மட்டக்களப்பு

பதில்: மூன்றாம், நான்காம் வாரம் பலருக்கும் அப்படித்தான் ஐயா, புதினம் தீர்ந்து, மொழி இன்னும் பிடிபடாத நேரம் அது. கென்யா நமக்கு இரண்டரை மணி பின்னால். இரவு எட்டுக்கு நீங்கள் எடுத்தால் அங்கே மாலை ஐந்தரை. வாரம் இரண்டு முறை, அரை மணிக்குள் பேசுங்கள். தினமும் மணிக்கணக்காகப் பேசினால் அங்கு அவளுக்கு அயலவர் கிடைக்க மாட்டார்கள். ஆனால் தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரம் கெட்டிருந்தால் மேற்பார்வையாளரிடம் நேரே பேசுங்கள். மெஃப்ளோகுயின் எடுக்கிறாளா என்றும் கேளுங்கள், கெட்ட கனவையும் மனக்கலக்கத்தையும் அந்த மாத்திரையே தரக்கூடும்.

கேள்வி: ஊர் வந்து இரண்டு வாரத்தில் காய்ச்சல். டெங்கு என்கிறார்கள்.
– செங்கலடி வாசகர்

பதில்: பனடோலோடு பொறுத்திருக்க வேண்டாம், இன்றே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். என்ன வருத்தம் என்று கேட்குமுன்பே "கென்யாவிலிருந்து வந்து இரண்டு வாரம், மலேரியா இரத்தப் பரிசோதனை வேண்டும்" என்று சொல்லுங்கள். ஆபிரிக்க மலேரியா ஓரிரு நாளில் மூளையைத் தாக்கக்கூடியது. முதல் சோதனையில் இல்லையென்று வந்தாலும் காய்ச்சல் விடாவிட்டால் அடுத்தடுத்த நாள்களிலும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.