டிஸ்சார்ஜ் புக்கில் விட்டுப்போன மெடல்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை பட்டாளத்துப் பதிவேடு பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஊருக்கு நாலு வீட்டிலாவது பட்டாளத்துக்காரர் இருக்கிறார். அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில், பட்டாளத்தை விட்டு வரும்போது சர்வீஸ் விவரம் எழுதிக் கொடுக்கிற டிஸ்சார்ஜ் புக்கும் ஒன்று இருக்கும். அதில் மெடல் பக்கம் பாதிக்கு மேல் காலியாகக் கிடப்பதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். நானே ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவன். அதனால் இது எங்கே எப்படி விட்டுப்போகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

கேள்வி (களக்காடு வாசகர்): அப்பாவுக்கு 82 வயது. 1963-ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து 1979-ல் பென்ஷனோடு வந்தார். 1971 சண்டையின்போது பஞ்சாப் எல்லையில் இருந்தார். டிஸ்சார்ஜ் புக்கில் ரக்‌ஷா மெடலும் 9 வருஷ சர்வீஸ் மெடலும் மட்டும்தான் எழுதியிருக்கிறது. கூடவே இருந்த வள்ளியூர்க்காரர் புக்கில் ஐந்து மெடல். அப்பாவிடம் கேட்டால் "இனிமே எதுக்குல அதெல்லாம்" என்கிறார். இப்போது சேர்க்க முடியுமா? சேர்த்தால் பென்ஷன் கூடுமா?

பதில்: பென்ஷன் கூடாது தம்பி. சண்டையில் இருந்ததற்கும் இத்தனை வருஷம் வேலை பார்த்ததற்கும் கொடுக்கிற மெடலுக்குப் பணம் கிடையாது. மாதாமாதம் படி வருவது வீரதீர விருதுகளுக்கு மட்டும். ஆனால் சேர்க்க முடியும், சேர்க்கவும் வேண்டும். உயிரைக் கொடுக்கத் தயாராக எல்லையில் நின்ற மனிதர் அங்கே நின்றார் என்று அரசாங்கத்துக் காகிதத்தில் இருக்க வேண்டுமா இல்லையா? அப்பா எதற்கு என்று கேட்டால் பேரப்பிள்ளைகளுக்காக என்று சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுவார்.

முதலில் அவருக்கு என்னென்ன பாத்தியம் என்று தேதியை வைத்துப் பாருங்கள். ரக்‌ஷா மெடல் 1965 சண்டைக்கானது. 1965 ஆகஸ்ட் 5 அன்று குறைந்தது 180 நாள் சர்வீஸ் முடித்திருந்தவர்களுக்கு உண்டு, அது ஏறிவிட்டது. 1971 டிசம்பர் சண்டையில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார், கிழக்கே வங்காளதேசப் பக்கம் போனவர்களுக்குப் பூர்வி ஸ்டார். இந்த இரண்டுக்கும் எந்த இடத்தில் இருந்தார் என்பது முக்கியம். சங்க்ராம் மெடல் இரண்டு முனைக்கும் பொது. 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரையான காலத்தில் ராணுவத்தில் இருந்தவர்களுக்கானது, மேற்கா கிழக்கா என்று பார்ப்பதில்லை. அப்புறம் 1972 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்தவர்களுக்குச் சுதந்திர தின 25-ஆவது ஆண்டு மெடல் ஒன்று உண்டு. ஆக உங்கள் அப்பாவுக்கு விட்டுப்போனது பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம், 25-ஆவது ஆண்டு மெடல், மூன்றும். வள்ளியூர்க்காரர் கணக்கு ஐந்து, அதுவும் சரியாக வருகிறது பாருங்கள். காஷ்மீரிலோ இமயமலைப் பகுதியிலோ பல மாதம் இருந்தேன் என்று அப்பா சொன்னால் சைன்ய சேவா மெடலையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

இது எப்படி விட்டுப்போகிறது என்றால், ராணுவத்தில் ஒரு ஆளுக்கு எது நடந்தாலும், லீவு, பதவி உயர்வு, கல்யாணம், குழந்தை, மெடல், எல்லாம் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் என்று ஒன்று போட்டால்தான் நடந்ததாகக் கணக்கு. அந்த ஆர்டர் ரெஜிமெண்டின் பதிவேடுகளை வைத்திருக்கிற ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும், அங்கே அவருடைய ஷீட் ரோலில், அதாவது அந்த ஆளுக்கான சர்வீஸ் பதிவேட்டில், ஏற்றுவார்கள். டிஸ்சார்ஜ் புக் எழுதும்போது ஷீட் ரோலைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். மெடலோ சண்டை முடிந்து, அரசாங்கம் அறிவித்து, விதிமுறை வந்து, அதன் பிறகு யூனிட் ஆள் கணக்கெடுத்துப் போடுவது. அந்த நேரம் பார்த்து ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தாலோ, கோர்சுக்குப் போயிருந்தாலோ, வேறு யூனிட்டுக்கு மாறியிருந்தாலோ, பழைய யூனிட் "ஆள் இப்போ நம்ம கணக்கில் இல்லை" என்று விட்டுவிடும், புது யூனிட் "அப்போ நம்மகிட்ட இல்லை" என்று விட்டுவிடும். பார்ட் டூ ஆர்டர் போடாவிட்டால் ஷீட் ரோலில் இல்லை, ஷீட் ரோலில் இல்லாவிட்டால் புக்கிலும் இல்லை. சிலருக்கு ஆர்டர் போட்டு ஷீட் ரோலிலும் ஏறியிருக்கும், புக்கில் எழுதும்போது மட்டும் விட்டிருப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு இரண்டில் எது என்று முதலில் தெரிய வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் "மெடல் தரவில்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும்.

மனு எழுத வேண்டிய இடம் அவருடைய ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் குன்னூர் பக்கம் வெலிங்டன். மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) சேப்பர் என்றால் பெங்களூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு கேம்ப், சிக்னல்ஸ் ஜபல்பூர், வண்டி, இயந்திரம் பழுதுபார்க்கும் இ.எம்.இ.யும் தளவாடம் பார்க்கும் ஆர்டினன்ஸும் செகந்திராபாத், மெடிக்கல் கோர் லக்னோ. பென்ஷன் ஆபீசுக்கும் ஸ்பர்ஷ் என்கிற பென்ஷன் இணையதளத்துக்கும் மெடல் பற்றி எழுதிப் பிரயோஜனமில்லை, அவர்களிடம் இருப்பது பணக் கணக்கு.

மனு ஒரு பக்கம் போதும். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) நம்பர், 1971 டிசம்பரில் எந்தப் பட்டாலியன், எந்தக் கம்பெனி, எந்த இடம், எந்தெந்த மெடல் விட்டுப்போயிருக்கிறது, எந்தத் தேதிக் கணக்கில் அதற்குப் பாத்தியம் என்று எழுதுங்கள். கீழே அப்பா கையெழுத்துப் போட வேண்டும், மகன் கையெழுத்து போதாது. டிஸ்சார்ஜ் புக்கில் பெயர் உள்ள பக்கம், சர்வீஸ் விவரப் பக்கம், மெடல் பக்கம் மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். காலியான மெடல் பக்கத்தையும்தான், அதுதான் உங்கள் கேஸ். ஒரிஜினல் புக்கை முதல் கடிதத்தோடு அனுப்பவே அனுப்பாதீர்கள். பதிவு ஏற்றிவிட்டோம், புக்கை அனுப்புங்கள் என்று அவர்களே எழுதிக் கேட்ட பிறகு, எல்லாப் பக்கமும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம்.

மனுவை நேராகவும் அனுப்புங்கள், திருநெல்வேலி முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் வழியாகவும் ஒரு பிரதி அனுப்புங்கள். பழைய ஆட்கள் சோல்ஜர் போர்டு என்பார்களே, அதேதான். அவர்கள் முகப்புக் கடிதத்தோடு போனால் ரெக்கார்ட் ஆபீசில் பதில் போட்டே ஆக வேண்டிய காகிதமாகிவிடும்.

ஆதாரத்துக்கு இன்னொன்று. அப்பா அந்தக் காலத்தில் அம்மாவுக்கு எழுதிய இன்லேண்ட் லெட்டர் எதுவும் வீட்டில் கிடந்தால் தேடி எடுங்கள். அனுப்புநர் முகவரியில் நம்பர், பெயர், யூனிட், அதற்குக் கீழே 56 ஏ.பி.ஓ. என்றோ 99 ஏ.பி.ஓ. என்றோ இருக்கும். ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம். 56 மேற்கு, 99 கிழக்கு. மேலே தபால் முத்திரையில் தேதி தெரியும். 1971 டிசம்பர் முத்திரையோடு 56 ஏ.பி.ஓ. கடிதம் ஒன்று கிடைத்தால் அது மட்டுமே முழுச் சாட்சி ஆகாதுதான், ஆனால் பட்டாலியன் பெயரும் அதில் இருப்பதால் ரெக்கார்ட் ஆபீஸ் தன்னிடம் உள்ள யூனிட் கணக்கோடு ஒத்துப் பார்க்க நல்ல பிடி கிடைக்கும். வள்ளியூர்க்காரரிடம் அவருடைய மெடல் பக்க நகலும், "நானும் இவரும் ஒரே கம்பெனியில் இருந்தோம்" என்று நோட்டரி முன்னால் ஒரு உறுதிமொழியும் வாங்கிக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்களுக்கும் எண்பது தாண்டுகிறது.

பதிலே வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு இந்தியன் போஸ்டல் ஆர்டர் வைத்து, அந்த ரெக்கார்ட் ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு அப்பா பெயரிலேயே கேளுங்கள். "ஏன் மெடல் தரவில்லை" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். "என் ஷீட் ரோலின் நகல், எனக்கு மெடல் கொடுத்தது சம்பந்தமான பார்ட் டூ ஆர்டர்களின் நகல், என் மனு மேல் எடுத்த நடவடிக்கையின் நகல்" என்று காகிதமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஷீட் ரோல் நகல் கைக்கு வந்ததும் விஷயம் பாதி முடிந்துவிடும். ஷீட் ரோலில் மெடல் ஏறியிருக்கிறது, புக்கில் மட்டும் இல்லை என்றால் புக்கில் ஏற்று என்று கேட்கலாம். அதிலேயே இல்லை என்றால் யூனிட் இருந்த இடத்தைச் சரிபார்த்து இப்போது பார்ட் டூ ஆர்டர் போடு என்று கேட்கலாம். பாத்தியம் இருந்தும் எழுத்தில் மறுத்தால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அது கடைசி வழி, இவ்வளவு வருஷம் ஏன் தாமதம் என்று அங்கே கேட்பார்கள், அதனால் இங்கே வந்து போன எல்லாக் கடிதத்தையும் தேதி வாரியாக வைத்திருங்கள்.

பதிவு ஏறினாலும் மெடல் கைக்கு வரத் தாமதமாகலாம். அதுவரை கடையில் வாங்கிக் குத்திக்கொள்ளலாமா என்றால், பாத்தியம் பதிவில் இருந்தால் தாராளமாக. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் குடியரசு தினத்துக்கு வருகிற பெரியவர்கள் பலர் குத்தியிருப்பது கடை மெடல்தான். அரசாங்கம் கொடுத்ததைக் கையில் வாங்கி விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், நம்பரும் ரேங்கும் பெயரும் பொறித்திருக்கும். அது வேண்டும் என்றுதான் இவ்வளவும்.

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகர்): மாமா பெயர் இசக்கிமுத்து. ராணுவத்தில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, பேங்க் பாஸ்புக்கில் இன்னொரு மாதிரி எழுத்து. மெடலுக்கு மனு போட்டோம், பெயர் ஒத்துவரவில்லை என்று திரும்பிவிட்டது.

பதில்: நம்ம ஊர்ப் பெயர்களுக்கு இது சாபம் மாதிரி வருகிறது. இசக்கி, சுடலை, பேச்சி, வன்னியன் எல்லாம் ஆள் எடுக்கும் இடத்தில் வடக்கத்திக் கிளார்க் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியது, ஆயுசுக்கும் அப்படியே நின்றுவிட்டது. மனுவில் எப்போதும் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள எழுத்தை ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதுங்கள், ஆர்மி நம்பரை மேலேயே போடுங்கள். பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கும், அந்த நம்பர் அவர் ஒருவருக்குத்தான். கூடவே மூன்று எழுத்திலும் உள்ளவர் ஒரே ஆள்தான் என்று நோட்டரி உறுதிமொழி வையுங்கள். பதிவேட்டிலேயே பெயரைத் திருத்துவது தனி மனு, அதை மெடல் மனுவோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். மெடல் முதலில் முடியட்டும்.

கேள்வி (திசையன்விளையிலிருந்து ஒரு அம்மா): என் வீட்டுக்காரர் 1988-ல் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்தார். காலமாகிவிட்டார். மெடல் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், வரவில்லை. நான் கேட்டால் தருவார்களா?

பதில்: உங்களுக்கு உரிமை உண்டு அம்மா, கேளுங்கள். 1987 முதல் 1990 மார்ச் வரை நடந்த அந்தப் பணிக்கு, ஸ்ரீலங்கா என்று எழுதிய பட்டையோடு ஸ்பெஷல் சர்வீஸ் மெடல் உண்டு. முதலில் அவர் புக்கைத் திறந்து அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பதிவு சரி, பொருள்தான் வரவில்லை, அதை அனுப்பச் சொல்லிக் கேட்டாலே போதும். இல்லாவிட்டால் மேலே களக்காட்டுத் தம்பிக்குச் சொன்ன வழிதான். எது ஆனாலும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் பெயர் உள்ள குடும்ப பென்ஷன் பி.பி.ஓ. மூன்றின் நகலும் சேர்த்து, உங்கள் கையெழுத்தில் மனு போக வேண்டும். தமிழில் எழுதினால் அங்கே தாமதமாகும். முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் சொன்னால் ஆங்கிலத்தில் எழுத உதவி கிடைக்கும், யோசிக்காமல் போங்கள். அந்தக் கரையில் நம்ம ஜனங்கள் மத்தியிலேயே துப்பாக்கியோடு நிற்க வேண்டி வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது என்ன மாதிரிப் பணி என்று நமக்குத்தான் தெரியும். அவர் காத்திருந்த மெடல் உங்கள் கையிலாவது வந்து சேரட்டும்.

கேள்வி (நாங்குநேரி வாசகர்): சித்தப்பா ஏழு வருஷம் மட்டும் இருந்துவிட்டுப் பென்ஷன் இல்லாமல் 1973-ல் வந்தவர். புக் தொலைந்துவிட்டது. இப்போது எழுதினால் கிடைக்குமா?

பதில்: பென்ஷன் இல்லாதவர்களின் ஷீட் ரோலை 25 வருஷம் கழித்து அழித்துவிடுவது ராணுவத்தின் விதி. அதனால் ஷீட் ரோல் இருக்காது. ஆனால் லாங் ரோல் என்று ஒரு பேரேடு இருக்கிறது, அதை அழிப்பதில்லை. நம்பர், பெயர், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி அதில் இருக்கும். ஆர்மி நம்பர் தெரிந்தால் லாங் ரோல் விவரத்தின் நகலைக் கேளுங்கள். அதில் 1971, 72 தேதிகள் உறுதியானால் சங்க்ராம் மெடலையும் 25-ஆவது ஆண்டு மெடலையும் கேட்க வழி பிறக்கும். ஸ்டார் கஷ்டம், இருந்த இடத்துக்கு ஆதாரம் வேண்டும்.

கேள்வி (தாழையூத்து வாசகர்): ஒருத்தர் எல்லாம் நான் பார்த்துக்கிறேன், மெடலும் வரும், பென்ஷனும் கூடும், 15 ஆயிரம் கொடுங்க என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள் அண்ணாச்சி. பென்ஷன் கூடும் என்று சொன்ன அந்த இடத்திலேயே பொய் தெரிந்துவிட்டது. ரெக்கார்ட் ஆபீசுக்கு மனு போடக் கட்டணமே இல்லை. ஜெராக்ஸ், ஸ்பீடு போஸ்ட், நோட்டரி, தகவல் உரிமைக்கு 10 ரூபாய், இவ்வளவுதான் செலவு. டிஸ்சார்ஜ் புக்கை அவர் கையில் கொடுத்துவிட்டீர்களா? கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள்.