கப்ஸா, சாக்ஸா? சிகாகோ அணிகள் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்க விளையாட்டுகளைப் பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து சிகாகோ வட்டாரத்து வாசகர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வருகின்றன. இந்த முறை பக்கம் முழுக்க அவர்களுக்குத்தான்.

கேள்வி: வேலை மாறி குடும்பத்தோடு நேப்பர்வில் வந்திருக்கிறோம். அலுவலகத்தில் எல்லோரும் "நீ கப்ஸா, சாக்ஸா?" என்று கேட்கிறார்கள். ஒரே ஊருக்கு எதற்கு இரண்டு பேஸ்பால் அணி? நாங்கள் யார் பக்கம் சேருவது?
– நேப்பர்வில் வாசகர்

அங்கே இந்தக் கேள்விக்கு நிஜமாகவே கனம் உண்டு, அதனால் யோசித்தே பதில் சொல்லுங்கள். ஒருநாள் ரெட் லைன் ரயிலில் ஏறிப் பாருங்கள். வடக்கே அடிசன் நிலையத்தில் இறங்கினால் கப்ஸ் ஆடும் ரிக்லி ஃபீல்ட், அதே ரயிலில் தெற்கே வந்து சாக்ஸ்-35வது தெரு நிலையத்தில் இறங்கினால் ஒயிட் சாக்ஸ் மைதானம். தூரம் என்னவோ கொஞ்சம்தான், ஆனால் அந்த ஊரின் வடக்கு, தெற்கு என்கிற பிரிவு முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. தெற்கே இறைச்சிக் கூடங்களிலும் இரும்பு ஆலைகளிலும் உழைத்த குடும்பங்கள், ஐரிஷ்காரர்கள், தென் மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள். வடக்கே ஓரளவு வசதி உள்ளவர்கள். அப்பா எந்தப் பக்கமோ பிள்ளையும் அந்தப் பக்கம், பெரும்பாலும் கதை அவ்வளவுதான்.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது, இரண்டு அணிகளும் வெவ்வேறு லீக்கில் இருப்பதால் 1997 வரை வழக்கமான சீசனில் ஒரு தடவைகூட மோதியதில்லை. இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் சந்தித்தது ஒரே ஒரு முறை, 1906-ல். அந்த ஆண்டு சீசனில் 116 ஆட்டங்களை ஜெயித்து வந்த கப்ஸை, அடிக்கவே தெரியாதவர்கள் என்று பெயர் வாங்கியிருந்த சாக்ஸ் 4-2 என்று சாய்த்தது. அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு, புள்ளிக் கணக்கில் சேராத ஆட்டங்களை விட்டால், நேருக்கு நேர் நிற்காமலேயே பகையை வளர்த்தார்கள்.

யார் பக்கம் என்று கேட்டால் என் பதில் சாக்ஸ். கப்ஸுக்கு உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. சாக்ஸ் 2005-ல் ஹூஸ்டனை 4-0 என்று துடைத்தெடுத்து, 88 ஆண்டு கழித்துக் கோப்பை வாங்கியது. அதைக்கூட நாடு சீக்கிரம் மறந்துவிட்டது. 2024-ல் 162 ஆட்டங்களில் 121 தோல்வி, 1900-க்குப் பிறகு எந்த அணியும் ஒரே சீசனில் இத்தனை தோற்றதில்லை. அந்த ஆண்டிலும் மைதானத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள் பாருங்கள், அவர்களோடு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. சிகாகோவில் பிறந்த போப் லியோவும் அந்தப் பக்கத்து ஆள்தான். 2025 மே மாதம் அவர் தேர்வானதும் கப்ஸ் ரசிகர் என்று ஒரு பேச்சு கிளம்ப, அவருடைய அண்ணனே அதை மறுத்தார். 2005 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் அவர் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தது பழைய ஒளிபரப்பில் கிடைத்தது, சாக்ஸ் நிர்வாகம் அந்த இருக்கைப் பகுதியில் அவர் படத்தையே வரைந்து வைத்துவிட்டது.

கேள்வி: ஆட்டுக்கடா சாபத்தால்தான் கப்ஸ் 108 ஆண்டு ஜெயிக்கவில்லை என்கிறார்களே, படித்தவர்கள்கூட இதை நம்புகிறார்களா?
– அரோரா வாசகி

சம்பவம் நடந்தது உண்மை. 1945 உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்துக்கு பில்லி சியானிஸ் என்ற மதுக்கடைக்காரர் தன் ஆட்டுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கி வந்தார், ஆட்டை வெளியேற்றினார்கள், அவர் கோபத்தில் சாபம் விட்டுப் போனார் என்பார்கள். டெட்ராய்ட்டிடம் கப்ஸ் அந்தத் தொடரை இழந்தது, அதற்கப்புறம் 2016 வரை உலகத் தொடர் பக்கமே வரவில்லை. ஆனால் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1908-ல் என்பதை மறந்துவிடாதீர்கள், ஆடு வருவதற்கு முன்பே 37 ஆண்டு ஓடியிருந்தது.

காரணம் நிர்வாகம்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நெடுங்காலம் அணியை வைத்திருந்த பி.கே. ரிக்லி மைதானத்தை அழகாக வைத்துக்கொண்டார், அணியைக் கவனிக்கவில்லை. 1961-ல் மேனேஜரே வேண்டாம், பயிற்சியாளர்கள் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு சோதனை செய்தார், அது சொதப்பியது. 1964-ல் லூ பிராக்கை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தார்கள், அவர் அங்கே போய் இரண்டு உலகத் தொடர் வென்றார். இதற்கெல்லாம் விலை கொடுத்தவர் எர்னி பேங்க்ஸ். கப்ஸின் முதல் கறுப்பின வீரர், 512 ஹோம் ரன், 19 சீசன், எல்லாம் கப்ஸுக்காகவே. ஒரே ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 2015 ஜனவரியில் காலமானார், அடுத்த ஆண்டு இறுதியில் கோப்பை வந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

2003-ஐயும் சொல்லியாக வேண்டும். உலகத் தொடருக்கு இன்னும் ஐந்தே அவுட் பாக்கி, 3-0 முன்னிலை. அப்போது ஒரு ரசிகர் எல்லைச் சுவரோரம் வந்த பந்துக்குக் கை நீட்டினார், பிடிக்க வேண்டிய வீரரால் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் கை நீட்டினார்கள், பந்து பட்டது இவர் கையில். அதற்கப்புறம் எளிதான ஒரு பந்தைத் தவறவிட்டது கப்ஸ் வீரர், அந்த இன்னிங்ஸில் 8 ரன் கொடுத்தது கப்ஸ் பந்துவீச்சு, மறுநாள் ஏழாவது ஆட்டத்தைத் தோற்றதும் கப்ஸ். ஆனால் பாதுகாவலர்கள் சூழ்ந்து வெளியே கூட்டிப்போக வேண்டிய நிலை அந்த ரசிகருக்கு வந்தது, பல ஆண்டு அவர் தலைமறைவு போலவே வாழ்ந்தார். 2017-ல் நிர்வாகம் அவருக்கு ஒரு சாம்பியன்ஷிப் மோதிரம் கொடுத்தது சரியான செயல், ஆனால் 14 ஆண்டு தாமதம். அவர் பெயரை வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன்.

சாபம் நீங்கிய விதம் இதைவிட எளிது. பாஸ்டனின் 86 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்த தியோ எப்ஸ்டீனை 2011-ல் கூட்டி வந்தார்கள். அவர் இளம் வீரர்களைச் சேர்த்தார், 2012-ல் 101 தோல்வியைத் தாங்கினார்கள், பொறுத்திருந்தார்கள். 2016-ல் கிளீவ்லண்டுக்கு எதிராக 1-3 என்று பின்தங்கி, ஏழாவது ஆட்டம் சமனில் நின்று, 17 நிமிட மழை இடைவேளை வந்து, பத்தாவது இன்னிங்ஸில் 8-7. அந்த நாட்களில் ரிக்லி ஃபீல்டின் வெளிச்சுவர் முழுக்க மக்கள் சாக்பீஸால் பெயர் எழுதினார்கள், இதைப் பார்க்காமல் போய்ச்சேர்ந்த அப்பா, தாத்தா, பாட்டி பெயர்களை. சாக்ஸ் பக்கம் நிற்கிற எனக்கே அந்தப் படங்களைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

கேள்வி: ஜோர்டன் காலத்தில் ஆறு கோப்பை. 1998-க்குப் பிறகு புல்ஸ் கூடைப்பந்து அணி ஏன் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை?
– ஷாம்பர்க் வாசகர்

கலைக்க வேண்டிய அவசியமே இல்லாத அணியைக் கலைத்தார்கள், என் பதில் அதுதான். 1995-96-ல் 82-ல் 72 ஜெயித்த அணி, அதோடு சேர்த்துத் தொடர்ச்சியாக மூன்று கோப்பை. ஆனால் 1997-98 சீசன் தொடங்கும்போதே பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனுக்கு இதுதான் கடைசி ஆண்டு என்று பொது மேலாளர் ஜெர்ரி கிராஸ் சொல்லிவிட்டார். ஜாக்சன் போனார், ஜோர்டன் ஓய்வு அறிவித்தார், பிப்பன் ஹூஸ்டனுக்குப் போனார், ராட்மனும் இல்லை. அடுத்த சீசன், சம்பளத் தகராறால் 50 ஆட்டமாகச் சுருங்கியது, அதில் 13 வெற்றி, 37 தோல்வி. வீரர்களுக்கு வயதாகிவிட்டது, சம்பளம் கட்டுப்படியாகாது என்றெல்லாம் நிர்வாகத் தரப்பில் காரணம் சொன்னார்கள். சாம்பியன்களைத் தோற்கடித்து அனுப்புவது எதிரணியின் வேலை, அதை நிர்வாகமே செய்திருக்கக் கூடாது.

நடுவில் ஒரு நம்பிக்கை வந்தது. இங்கில்வுட் பகுதியில் பிறந்து வளர்ந்த டெரிக் ரோஸ் 2011-ல் 22 வயதில் எம்விபி, அதாவது லீக்கின் மிகச் சிறந்த வீரர் ஆனார், அந்த விருதை அவரைவிட இளம் வயதில் யாரும் வாங்கியதில்லை. மறு ஆண்டு பிளேஆஃப் முதல் ஆட்டத்திலேயே, ஜெயிப்பது உறுதியாகிவிட்ட கடைசி நிமிடங்களில், முழங்கால் தசைநார் அறுந்தது. அப்புறம் அந்த உயரத்துக்கு அவரும் போகவில்லை, அணியும் போகவில்லை.

கேள்வி: பேர்ஸ் அமெரிக்கன் ஃபுட்பால் அணி எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆர்லிங்டன் ஹைட்ஸுக்கு வரப்போகிறது என்று சொல்கிறார்களே, நம் வரிப் பணத்தில் கட்டுவார்களா?
– பாலட்டைன் வாசகி

வரிப் பணம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. சிகாகோ ஏரிக்கரையில் இருக்கும் சோல்ஜர் ஃபீல்ட் மைதானம் பேர்ஸுக்குச் சொந்தம் இல்லை, 1971-லிருந்து அங்கே வாடகைக்கு ஆடுகிறார்கள். 2023-ல் பழைய குதிரைப் பந்தய மைதானத்து நிலத்தை, 326 ஏக்கர், 197 மில்லியன் டாலருக்கு வாங்கினார்கள். அப்புறம் சொத்து வரி விவகாரத்தில் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகங்களோடு இழுபறி. 2024-ல் ஏரிக்கரையிலேயே கட்டுகிறோம் என்றார்கள், 2025 மே மாதம் மறுபடி ஆர்லிங்டன் ஹைட்ஸ் என்றார்கள், அந்த ஆண்டு இறுதியில் பக்கத்து இந்தியானாவையும் பார்க்கிறோம் என்றார்கள். இப்படி வேறு இடம் காட்டுவது பழைய வழி. 1988-ல் சாக்ஸ் ஃப்ளோரிடாவுக்குப் போய்விடுவோம் என்று சொல்ல, இலினாய் சட்டமன்றத்தில் நள்ளிரவுக் கெடு தாண்டக் கூடாதென்று கடிகாரத்தையே நிறுத்திவைத்துப் புது மைதானத்துக்கு ஓட்டுப் போட்டார்கள்.

ஆர்லிங்டன் ஹைட்ஸுக்காக 2025-ல் பேர்ஸ் சொன்னது, மைதானக் கட்டடம் எங்கள் செலவு, சாலை, வடிகால் மாதிரி வேலைகளுக்கு அரசு பணம் தரட்டும், சொத்து வரி பல ஆண்டுகளுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே உறுதி செய்யட்டும் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 2003-ல் முடிந்த சோல்ஜர் ஃபீல்ட் புதுப்பிப்புக்கு அரசு அமைப்பு வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை, விடுதி வரியிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் அணி கிளம்பிப் போனாலும் கடன் ஊரோடு இருக்கும். 1920-லிருந்து இருக்கிற அணி, 1986 ஜனவரியில் சூப்பர் பௌல் எனும் இறுதி ஆட்டத்தில் நியூ இங்கிலாந்தை 46-10 என்று நொறுக்கிய அணி, அதன் மேல் ஊருக்கு இருக்கிற பாசத்தைப் பேரம் பேச எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் மாநிலப் பிரதிநிதிக்கு எழுதுங்கள். சொத்து வரிச் சலுகை எத்தனை ஆண்டுக்கு, அதனால் பள்ளிக்கு எவ்வளவு குறையும், இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: முன்பு பிளாக்ஹாக்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் ஆட்டங்கள் டிவியில் வராது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார், உண்மையா?
– நேப்பர்வில் மாணவர்

உண்மை. உள்ளூரில் நடக்கும் ஆட்டத்தைக் காட்டினால் டிக்கெட் வாங்கியவர்களுக்கு அநியாயம் என்பது உரிமையாளர் பில் வர்ட்ஸின் கொள்கை. 2007-ல் அவர் மறைந்தார், மகன் ராக்கி வர்ட்ஸ் முதல் வேலையாக அதை மாற்றினார், ரசிகர்கள் திரும்பி வந்தார்கள், 2010, 2013, 2015 என்று மூன்று முறை லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. அதோடு இதையும் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி: 2010 வெற்றி நேரத்தில் அணியின் பயிற்சிக் குழுவில் இருந்த ஒருவர் மேல் ஒரு இளம் வீரர் பாலியல் புகார் சொன்னார், கோப்பை கைக்கு வரும்வரை நிர்வாகம் நடவடிக்கை எடுக்கவில்லை என்று 2021 விசாரணை அறிக்கை சொன்னது. லீக் 2 மில்லியன் டாலர் அபராதம் போட்டது. அந்தக் கோப்பையைப் பற்றிப் பேசும்போது அந்த வீரரையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கேள்வி: என் மகளுக்குக் கூடைப்பந்து பிடிக்கும். பெண்கள் அணி ஆட்டத்துக்குக் கூட்டிப்போகலாமா?
– அரோரா வாசகர்

தாராளமாக. சிகாகோ ஸ்கை 2006-லிருந்து ஆடுகிறது, 2021-ல் சாம்பியன். அந்த அணியில் இருந்த கேண்டஸ் பார்க்கர் உங்கள் பக்கத்து ஊர் நேப்பர்வில்லில் வளர்ந்தவர், மகளிடம் சொல்லுங்கள். சீசன் மே மாதம் தொடங்கிவிடும், வெயில் காலம் முழுக்க நடக்கும், பள்ளி விடுமுறைக்கு வசதி. ஆட்டத்துக்கு முன்னால் வீராங்கனைகள் பயிற்சி எடுப்பதைப் பார்க்க முடியும், அதனால் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.